தொழிற்பயிற்சியிலிருந்து விலகும்போது: சான்றிதழ், கருவி, உதவித்தொகை குறித்த சட்டநிலை

நீலகிரி மாவட்டம் தேவர்சோலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து எங்களிடம் ஒரு வினா வந்தது. கேட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண். பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர்கள். சமவெளியில் உள்ள ஒரு தனியார் பயிற்சி மையத்தில் மருத்துவமனை உதவியாளர் பயிற்சியில் சேர்ந்திருந்தார். நான்காம் மாதத்தில் தாய் நோயுற்றதால் பயிற்சியைத் தொடர இயலவில்லை. சீருடை, பாடநூல்கள், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச்சென்று மையத்திடம் ஒப்படைத்தார். மையம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. ஆனால், சேர்க்கையின்போது அவர் கொடுத்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் தர மறுத்தது. எஞ்சிய மாதங்களுக்கான கட்டணம் முழுவதையும் செலுத்தினால்தான் அவை கிடைக்கும் என்றது.

“அவங்க பொருளை எல்லாம் கொடுத்துட்டேன். இன்னும் நான் என்ன கொடுக்கணும்?” என்பதே அவர் எங்களிடம் கேட்டது.

இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், தனியார் திறன் மேம்பாட்டு மையம், ஆலைப் பயிற்சி என எதில் சேர்ந்தாலும் இடையில் விலகுவோர் இருக்கவே செய்வர். அவர்கள் எதைத் திருப்பித் தர வேண்டும், எதைத் தர வேண்டியதில்லை, எதைத் திரும்பப் பெற உரிமை உடையவர்கள் என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

விலகுவதற்கு ஒரு ‘துண்டு’

சட்டத்திற்குச் செல்லும் முன் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர வேண்டியுள்ளது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் வாழும் தலித் குடும்பங்களில் கணிசமானவை இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இம்மலைகளில் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று.

அவர்களின் முன்னோர் இலங்கையில் கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமானால், அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு ஒன்று தேவைப்பட்டது. அதற்குப் பெயர் ‘துண்டு’. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தால்தான் அவர் இடம்பெயர முடியும். துண்டு இல்லாதவருக்கு வேறெங்கும் வேலையில்லை. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டுச் செல்வதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதே வழியில் சென்றது. வயநாட்டிலோ வள்ளியூர்க்காவுத் திருவிழாவின்போது சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்துப் பணியர்களை ஓராண்டுக்குக் கட்டுப்படுத்தும் வழக்கம் நிலவியது.

இவை யாவற்றிலும் அடிப்படை ஒன்றே: சேர்வதற்கு ஒரு கைநாட்டு போதும், விலகுவதற்கோ கடன் தீர்ந்தது என்று முதலாளி சொல்ல வேண்டும். இன்று ‘நிலுவையின்மைச் சான்று வாங்கிவந்தால் சான்றிதழ் தருகிறோம்’ என்று ஒரு பயிற்சி மையம் சொல்லும்போது, அந்தத் துண்டுச் சீட்டின் பேரப்பிள்ளைதான் பேசுகிறது. சட்டம் இதை ஏற்கிறதா என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

மூன்று வகைப் பொருட்கள்

விலகும் மாணவருக்கும் நிறுவனத்திற்கும் இடையே நிற்கும் பொருட்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதல் வகை, மாணவருக்கே சொந்தமானவை: மூலச் சான்றிதழ்கள். இரண்டாம் வகை, நிறுவனத்திற்குச் சொந்தமானவை: பணிமனைக் கருவிகள், நூலகப் புத்தகங்கள், விடுதிப் பொருட்கள். மூன்றாம் வகை, அரசுத் திட்டத்தின்கீழ் மாணவருக்கு உரிமையாக வழங்கப்பட்டவை: விலையில்லாச் சீருடை, மிதிவண்டி, உதவித்தொகை போன்றவை. ஒவ்வொரு வகைக்கும் சட்டநிலை வேறு. ஒரு வகையில் உள்ள நிலுவைக்காக மற்றொரு வகைப் பொருளைப் பிடித்துவைக்க முடியாது.

சான்றிதழ்கள்

பிறருடைய பொருளைக் கடன் தீரும்வரை தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமைக்குப் பற்றுரிமை என்று பெயர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 171இல், பொதுப் பற்றுரிமை யாருக்கு உண்டு என்று பட்டியலிடுகிறது. வங்கியர், வணிக முகவர், துறைமுகக் கிடங்கு நடத்துநர், உயர் நீதிமன்ற வழக்குரைஞர், காப்பீட்டுத் தரகர் ஆகியோரே அப்பட்டியலில் உள்ளவர்கள். கல்வி நிறுவனமோ பயிற்சி மையமோ அதில் இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கக்கூடிய சரக்கு அன்று, ஆகவே அதன்மீது பிரிவு 171இன்கீழ் பற்றுரிமை எழாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது.

பட்டியலில் இடம்பெற்றுள்ள வழக்குரைஞர்களின் நிலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டணம் தராத கட்சிக்காரரின் வழக்குக் கோப்புகளை வழக்குரைஞர் பிடித்துவைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியலில் பெயருள்ள எங்களுக்கே இல்லாத உரிமை, பெயரே இல்லாத பயிற்சி மையத்திற்கு எங்கிருந்து வரும்?

பட்டயப் படிப்பு நடத்தும் பாலிடெக்னிக்குகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகள் பொருந்தும். மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்வதை அவை தடை செய்கின்றன. வகுப்பு தொடங்கும் முன்பே விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மிகாத செயலாக்கக் கட்டணத்தை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கை இதே நிலைப்பாட்டை எடுத்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை, மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அன்று என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தெளிவாக்கியது. தனியார் திறன் பயிற்சி மையங்கள் இவ்விதிகளுள் எதற்கும் நேரடியாக உட்படாமல் இருக்கலாம். ஆனாலும் ஒப்பந்தச் சட்டத்திற்கு வெளியே எந்த மையமும் இல்லை.

மலைப்பகுதியில் இதன் தாக்கம் கூடுதலானது. கூடலூர், குன்னூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர விரும்பும் மாணவர் மூலச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அவை வேறொரு மையத்தின் அலமாரியில் இருந்தால் அந்த ஆண்டின் சேர்க்கை கைநழுவும். சாதிச் சான்றிதழை மீண்டும் பெறுவதும் இங்கே எளிதன்று. தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் பெற்றோரின் பழைய ஆவணங்களைத் தேட வேண்டும். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தின் பிரிவு 17இன்கீழ் வரும் நிலங்களில் குடியிருப்போரிடம் பட்டா இல்லை. இருப்பிடத்தை மெய்ப்பிப்பதே அவர்களுக்குப் பாடாகிறது. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும் பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரும் சான்றிதழ் வழங்குகின்றனர். பழங்குடி மாணவர்களின் மனுக்கள் விசாரணையிலேயே மாதக்கணக்கில் நிற்பதுண்டு.

எனவே, சேரும்போதே சில முன்னெச்சரிக்கைகள் தேவை. மூலச் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம். நகலில் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். மூலத்தை ஒப்படைக்க வேண்டாம். ஒப்படைத்தே தீர வேண்டிய இடங்களில், எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்ணுடன் எழுதிய ஒப்புகைச் சீட்டைப் பெறுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அதன்வழி வழங்கப்படும் ஆவணங்களுக்கு மூல ஆவணத்திற்கு இணையான மதிப்பு சட்டப்படி உண்டு. இ-சேவை வழியே பெற்ற சாதிச் சான்றிதழின் எண்ணைக் குறித்துவைத்தால் மறுபடியும் அச்செடுக்கலாம்.

பணிமனைக் கருவிகளும் புத்தகங்களும்

நிறுவனம் பயன்பாட்டிற்காகக் கொடுத்த கருவிகளைத் திருப்பித் தருவது மாணவரின் கடமை. இதில் ஐயமில்லை. பொருத்துநர் பிரிவில் கொடுக்கப்படும் வெர்னியர் காலிபர், அரம், சுத்தியல், மின்பணியாளர் பிரிவில் கொடுக்கப்படும் மல்டிமீட்டர், நூலகப் புத்தகம், விடுதியின் மெத்தை, போர்வை, அறைச் சாவி ஆகியவை இவ்வகையில் அடங்கும்.

ஒப்பந்தச் சட்டம் இதனை ஒப்படைப்பு உறவாகக் காண்கிறது. நோக்கம் முடிந்ததும் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 160. பொருளைப் பெற்றவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பதுபோல் காத்தால் போதும் என்கிறது பிரிவு 151. அவ்வாறு காத்த பின்னும் பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ, வேறு சிறப்பு ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் பொறுப்பல்லர் என்கிறது பிரிவு 152.

இப்பிரிவுகள் கூடலூர்ப் பகுதிக்கு எவ்வளவு பொருத்தமானவை என்பதை இங்கு மழைக்காலத்தைக் கண்டவர்கள் அறிவர். தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில், லயத்து வீட்டின் ஓரறையில் வைத்த இரும்புக் கருவியில் துருவேறுவது இயல்பு. பயன்பாட்டால் தேய்ந்த அரத்திற்குப் புதிய அரத்தின் விலையைக் கேட்பதில் நியாயமில்லை. பற்றவைப்புப் பயிற்சியில் எரிந்து தீர்ந்த மின்வாய்க் குச்சிகள், அறுத்துத் தேய்ந்த ஹேக்ஸா பிளேடுகள் போன்றவை நுகர்பொருட்கள். அவற்றைத் திருப்பித் தரச் சொல்வது உண்ட சோற்றைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம்.

உண்மையில் ஒரு கருவி தொலைந்தே போயிருந்தால் அதன் அன்றைய மதிப்பை மட்டும் கோரலாம். அந்தத் தொகையைக் காப்புத்தொகையிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். கழித்ததற்கான கணக்கை எழுத்தில் கேட்க மாணவருக்கு உரிமையுண்டு. அரசு நிலையமானால், தமக்கு வழங்கப்பட்ட பொருட்களின் பதிவேட்டுப் பக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

எதை ஒப்படைத்தாலும் ஒப்புகை இல்லாமல் ஒப்படைக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் பொருளின் பெயர், எண்ணிக்கை, நிலை, நாள் ஆகியவற்றை எழுதிப் பயிற்றுநரின் கையொப்பம் பெறுங்கள். கையொப்பம் மறுக்கப்பட்டால், பொருட்களை மேசைமீது வைத்துப் படமெடுத்து, அதே பட்டியலை வழங்கல் சான்றுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

அரசு தந்தவை

தமிழ்நாட்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, விலையில்லா மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், பேருந்துப் பயணச் சலுகை ஆகியவையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தோருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்படி மாதம் 1,000 ரூபாய் தனியே கிடைக்கும்.

இவற்றில் மாதாந்திரத் தொகைகள் பயிற்சியைத் தொடரும் காலத்திற்கு உரியவை. விலகிய பின் அவை நிற்கும். படித்த மாதங்களுக்குப் பெற்ற தொகையைத் திருப்பிக் கேட்டால், எந்த அரசாணையின் எந்தப் பத்தியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பொருட்களுக்கும் இதுவே விடை. திரும்பப் பெறும் நிபந்தனை அரசாணையில் இருந்தால் அதன்படி நடக்கலாம். பயிற்றுநரின் வாய்மொழி அரசாணை ஆகாது.

ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கல்வியாண்டின் இடையில் படிப்பை நிறுத்தும் மாணவர், மாநில அரசின் விருப்புரிமைக்கு உட்பட்டு, உதவித்தொகையைத் திருப்பிச் செலுத்த நேரலாம் என்னும் நிபந்தனை அத்திட்ட விதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. விருப்புரிமை என்பது மாநில அரசுக்கு உரியது. கல்லூரி முதல்வருக்கோ மைய நடத்துநருக்கோ உரியதன்று. அரசு அதைப் பயன்படுத்தும்போதும் மாணவரின் விளக்கத்தைக் கேட்டு, காரணம் கூறி ஆணையிட வேண்டும். நோய், குடும்பத்தில் மரணம், வன்கொடுமை போன்ற காரணங்களை ஆதாரத்துடன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பக் கோரும் ஆணைக்கு வாய்ப்பு குறையும்.

இத்திட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021–22 முதல் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக வருகிறது. பணம் வரத் தாமதமானால் நிறுவனத்தின் கணக்கேட்டில் மாணவரே பாக்கிதாரராகத் தெரிகிறார். அதற்குள் அவர் விலகிவிட்டால், அரசு தர வேண்டிய தொகை முழுவதும் ஒரு கூலித் தொழிலாளர் குடும்பத்தின் தலையில் விழுகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டோருக்கான திட்டம் இது என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். நிதி ஒதுக்குவோர் இந்த இடைவெளியைச் சரிசெய்யாதவரை சட்ட ஆலோசனை மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து.

பிணைப்பத்திரமும் எஞ்சிய கட்டணமும்

‘இடையில் விலகினால் முழுக் கட்டணத்தையும் செலுத்துவேன்’ என்று சேர்க்கையின்போதே எழுதி வாங்குவது தனியார் மையங்கள் பலவற்றின் வழக்கம். கையெழுத்திட்டவர் அன்று 18 வயது நிறையாதவராக இருந்தால் அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 11உம், 1903இல் பிரிவி கவுன்சில் அளித்த மோகரி பீபி வழக்கின் தீர்ப்பும் இதை நிலைநாட்டியுள்ளன. தொழிற்பயிற்சிக்கு 14 வயதிலேயே சேர முடியும் என்பதால் இந்த விதி பலருக்குப் பயன்படும்.

கையெழுத்திட்டவர் வயது நிறைந்தவராகவோ பெற்றோராகவோ இருப்பின், பிரிவு 74 துணைக்கு வருகிறது. பத்திரத்தில் எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோர முடியும். இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. காலியான இடத்தில் வேறொரு மாணவரைச் சேர்த்துக்கொண்ட மையத்திற்கு என்ன இழப்பு என்று கேட்க வேண்டும்.

தொழிற்பழகுநராகச் சேர்ந்தவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் தனி வழி வகுத்துள்ளது. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள விரும்புவோர் பிரிவு 7இன்படி தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பழகுநரின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால் அவர் தர வேண்டிய பயிற்சிச் செலவையும் அந்த அலுவலரே முடிவுசெய்வார்; நிறுவனம் தானாக ஒரு தொகையை விதிக்க முடியாது.

இவற்றினும் கடுமையான நிலை ஒன்றுண்டு. பயிற்சி என்ற பெயரில் நூற்பாலையிலோ தொழிற்சாலையிலோ உற்பத்தி வேலையே நடக்கும். முன்பணமோ இறுதியில் தரப்படும் மொத்தத் தொகையோ காட்டி, இடையில் வெளியேற விடமாட்டார்கள். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் தலித் இளம்பெண்கள் பலரைச் சிக்கவைத்த சுமங்கலித் திட்டம் அத்தகையதே. அங்கே கேள்வி கட்டணம் பற்றியதாக இராது. முன்பணத்தின் பேரில் ஒருவரை வெளியேற விடாமல் உழைக்க வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வேலை நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் அளிக்கலாம்.

விலகல் கடிதத்தில் எழுதக்கூடாத சொற்கள்

எங்கள் அனுபவத்தில் மாணவர்களுக்குப் பேரிழப்பை உண்டாக்குவது ஒரு சிறு வாக்கியம்: ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.’ பெரும்பாலும் நிறுவனமே இதைச் சொல்லி எழுத வைக்கிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதாலோ, விடுதியில் தனித்து உணவருந்த வைத்ததாலோ, பாலியல் தொல்லையாலோ விலகும் மாணவர் இவ்வாறு எழுதிக் கொடுத்தால், பின்னர் தொடுக்கும் வழக்கில் அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கும்.

சாதிக் காரணம் இருந்தால் அதை நாள், இடம், உடனிருந்தோர் விவரத்துடன் எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்கிறது பிரிவு 18ஏ. அதே வேளையில், சான்றிதழை மறுப்பது மட்டுமே தன்னளவில் வன்கொடுமை ஆகிவிடாது. சாதியோடு அதற்குள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடமோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடமோ செல்லலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவரானால் போக்சோ சட்டம் பொருந்தும்.

வேறு காரணங்களுக்காக விலகுவோர் இவ்வாறு எழுதலாம்: “என் தாயாரின் உடல்நலக் குறைவு காரணமாக இன்று முதல் பயிற்சியிலிருந்து விலகுகிறேன். எனக்கு வழங்கப்பட்ட பொருட்களைக் கீழ்க்காணும் பட்டியலின்படி ஒப்படைத்துள்ளேன். என் மூலச் சான்றிதழ்கள், காப்புத்தொகை, இதுவரை பயின்ற காலத்திற்கான வருகைச் சான்று ஆகியவற்றை ஏழு நாட்களுக்குள் தர வேண்டுகிறேன்.” வருகைச் சான்றைக் கேட்க மறக்க வேண்டாம். பின்னர் வேறிடத்தில் சேரும்போதோ உதவித்தொகை குறித்து விளக்கம் தரும்போதோ அது உதவும்.

யாரிடம் செல்வது

முதலில் எழுத்து வேண்டுகோள். பதில் இல்லையெனில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12இன்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. தேவர்சோலை மக்கள் 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள உதகைக்குச் செல்லாமல் கூடலூரிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். ஆணைக்குழுவின் கடிதம் ஒன்றே பல நேரங்களில் சான்றிதழ்களை வெளியே கொண்டுவந்துவிடும்.

வன்கொடுமை தொடர்பான புகார்களுக்கு 14566 என்ற தேசிய உதவி எண் உள்ளது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திடமும் மனு அளிக்கலாம். அரசு நிறுவனமோ அரசு உதவிபெறும் நிறுவனமோ மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வருமா என்பதில் மாறுபட்ட தீர்ப்புகள் உள்ளதால், அவ்வழியை நம்பி மற்ற வழிகளைக் கைவிட வேண்டாம்.

எங்களிடம் வினவிய பெண்ணுக்குச் சட்டப் பணிகள் குழுவின் அறிவிப்பு சென்ற மூன்றாம் வாரத்தில் மூன்று சான்றிதழ்களும் அஞ்சலில் வந்தன. எஞ்சிய கட்டணம் பற்றி அம்மையம் பிறகு பேசவில்லை. ஆனால் அதற்குள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கை முடிந்திருந்தது. அவர் இந்த ஆண்டு தாயுடன் கொழுந்து பறிக்கச் செல்கிறார். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதாகக் கூறியுள்ளார்.

அவர் தர வேண்டியது எதுவும் மீதமிருக்கவில்லை. அவருக்குத் தரப்பட வேண்டிய ஓராண்டு மட்டும் இன்னும் நிலுவையில் உள்ளது.